ஐஸ் அக்கா பாலம் ஏறிய கதை

அந்த இதய மருத்துவமனையின் ஈ.சி.ஜி. அறைக்குள் நுழைகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான். "ஷாக் அடிக்குமா?"

ஐஸ் அக்காவும் சலித்துக்கொள்ளாமல் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள். "அதெல்லாம் அடிக்காது. கையைத் தளர்த்தி விட்டுட்டுப் பேசாம படுங்க." சொல்லிக்கொண்டே அவர்களுடைய மணிக்கட்டைப் பிடிப்பாள். பிடித்த மாத்திரத்தில் படுத்திருப்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். அதில் மின்சாரத்துக்கு ஒரு பங்கும் இல்லை. அவளுடைய விரல்கள் அப்படிச் சில்லிட்டிருக்கும். கொளுத்துகிற வெயிலிலும் அப்படித்தான். அதனால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் மருத்துவமனைக் காவலாளிக்கே அவளைத் தெரியாது.

கை ஏன் சில்லிடுகிறது என்று அவளுக்குத் தெரியும். பயம். அன்றாடம் பயந்தவர்களைத் தட்டிக்கொடுத்து அனுப்புகிற அவள்தான் அந்தக் கட்டடத்திலேயே பெரிய பயந்தாங்கொள்ளி. அவளுடைய அப்பா ஐம்பத்திரண்டு வயதில் மாடிப்படியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தவர். மாடிக் கூடத்து விளக்கு எரியவில்லை என்று புது பல்பு வாங்கிக்கொண்டு ஏறியவர், பாதி வழியில் "அப்பாடா" என்று உட்கார்ந்தார். அதோடு சரி. மடியில் இருந்த பல்பு உடையவில்லை. எல்லாம் முடிந்த பிறகு யாரோ அதை எடுத்து மாட்டினார்கள், பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சம் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

இப்போது அவளுக்கு ஐம்பத்தொன்று முடியப்போகிறது.

மாடிப்படி என்றால் ஒதுங்குவாள். லிப்ட் பழுது என்று எழுதித் தொங்கவிட்டிருந்தால் சரிசெய்கிற ஆள் வரும்வரை கீழேயே நின்று காவலாளியோடு ஊர்க்கதை பேசுவாள். பேச்சுக்கு நடுவில் இடதுகைக் கட்டைவிரலடியில் மற்ற கையின் இரண்டு விரல்களை வைத்து நாடி பார்த்துக்கொள்வாள். பார்க்கிறவர்களுக்கு, ஏதோ வளையலைத் தேடுகிறாள் என்று தோன்றும்.

மற்றபடி வேலையில் கெட்டிக்காரி. அவளுடைய அறையில் கருவி ஒரு தள்ளுவண்டியில், கட்டிலின் கால்மாட்டுப் பக்கமாகச் சுவரோரம் நிற்கும். நோயாளி மல்லாந்து படுத்தால் அவருடைய வலது கை கருவி இருக்கும் பக்கம், இடது கை சன்னல் பக்கம். சிவப்பு கிளிப் வலது கைக்கு, மஞ்சள் இடது கைக்கு. அதை யோசித்து மாட்டுகிற காலமெல்லாம் எப்போதோ போய்விட்டது. கிட்டத்துக் கைக்குச் சிவப்பு, எட்டத்துக் கைக்கு மஞ்சள். கண்ணைக் கட்டிவிட்டாலும் கை தானாகப் போகும். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் அவள் முதல் நாளே சொல்லிவிடுவாள்: "திரையில முதல் வரி தலைகீழா வந்தா உடனே டாக்டரைக் கூப்பிட்டு ஊரைக் கூட்டாதீங்க. சிவப்பு எந்தக் கையில இருக்குன்னு முதல்ல பாருங்க. பாதி பேருக்கு நெஞ்சுல வியாதியே இருக்காது, நம்ம கையிலதான் இருக்கும்."

மருத்துவமனை ஆற்றுக்கு அக்கரையில் புதுக் கட்டடத்துக்கு மாறியபோதுதான் சைக்கிள் கதை ஆரம்பித்தது. பேருந்தென்றால் ஊரைச் சுற்றிக்கொண்டு, நடுவில் இறங்கி வேறொன்று பிடித்துப் போகவேண்டும். பாலம் வழியாகப் போனால் கூப்பிடு தூரம். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் ஒருநாள் தொலைபேசியில் சொன்னாள்.

"அம்மா, படிக்கடியில என் சைக்கிள் சும்மாதானே கிடக்கு. எடுத்து ஓட்டேன்."

"எனக்கென்ன பைத்தியமா? இந்த வயசுல விழுந்து எழுந்திருக்கவா?"

"சின்ன வயசுல ஓட்டினேன்னு சொல்லுவியே."

"அப்ப எனக்குச் சாவைப் பத்தித் தெரியாது."

மகள் விடவில்லை. "உன் டாக்டரே எல்லாருக்கும் என்ன எழுதித் தர்றார்? தினமும் உடம்பை அசைங்கன்னுதானே? நீ மட்டும் லிப்டுக்குக் காத்துக்கிட்டு நில்லு," என்று வைத்துவிட்டாள்.

பேச்சு சுருக்கென்று தைத்தது. அடுத்த ஞாயிறு காலையில், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்கு அவளும் கணவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்து கொடுத்துவிட்டுத் தன் கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுகிற மனிதர். அவர் கேரியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் ஏறி மிதித்தாள். சைக்கிள் சேற்றில் சிக்கியதுபோல முக்கி முனகியது.

"விட்டுடாதீங்க!"

"விடுவேனா? உயிரே போனாலும் விடமாட்டேன்."

"உயிரைப் பத்திப் பேசாதீங்க!"

ஒரு சுற்று வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. அவளுக்குத்தான் முதலில் விளங்கியது. "இந்தாங்க, கொஞ்சம் கையை எடுங்க. நீங்க பின்னாடி பிடிச்சு இழுக்கறதாலதான் இது போகமாட்டேங்குது!"

அவர் கையை எடுத்தார். சைக்கிள் ஓடியது. பதிமூன்று வயதுக்குப் பிறகு தொடாத ஒன்றை முழங்கால்கள் நினைவு வைத்திருந்தன. மைதானத்தின் கடைசி வரை போனாள். திரும்பத் தைரியம் வராமல் அங்கேயே இறங்கி, சைக்கிளைக் கையால் திருப்பிவைத்து, மறுபடி ஏறிவந்தாள். "பேருந்து டிப்போவுல வண்டி திருப்புற மாதிரி இருக்கு," என்றார் கணவர். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விழுந்துவிடுவோமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு தினமும் பாலம். ஏற்றத்தில் பாதியில் இறங்கித் தள்ளுவாள். உச்சியில் நின்று நாடி பார்ப்பாள். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டே போவாள். சைக்கிள் வழியெல்லாம் கிறீச்சிட்டுக் கத்தும். மருத்துவமனைக் காவலாளி சத்தத்தை வைத்தே கதவைத் திறந்துவிடுவார். பத்திரமாக வந்து சேர்ந்ததே போதும் என்று அவள் உள்ளே போவாள்.

ஒரு காலை ஈரக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஆற்றின்மேல் வெயில் அப்போதுதான் விழுந்திருந்தது. உச்சியில் ஏறி உட்கார்ந்தவளுக்கு என்ன தோன்றியதோ, இறக்கத்தில் பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்துவிட்டாள். சட்டென்று சத்தமெல்லாம் நின்றது. சக்கரத்தின் சின்ன ரீங்காரம் மட்டும். காற்று சட்டைக் கைக்குள் புகுந்து உப்பியது. கம்பித் தடுப்பு ஒரே கோடாக ஓடியது. யாரோ பக்கத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. எதிரே வந்த லாரிக்காரர் அவளைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு முதல் நோயாளி, "பரவாயில்லையே, கை சூடா இருக்கே," என்றார்.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. பாதியில் இறங்காமல் ஏறப் பழகினாள். தொடை இறுகியது, இரவு படுத்தால் கல்லைப் போட்டதுபோலத் தூக்கம். லிப்டை மறந்து ஒருநாள் மாடிப்படியில் ஏறிவிட்டு, மேலே போய்த்தான் என்ன செய்தோம் என்று உணர்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். "உன் தாத்தா படியில போனவர்; உங்கம்மா படியில பறக்குறா," என்று கணவர் மகளிடம் சொல்ல, ஐஸ் அக்கா தொலைபேசியைப் பிடுங்கினாள். "அதையெல்லாம் வாயால சொல்லாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

வாயால் சொல்லாவிட்டாலும் வருவது வந்தது.

ஏற்றத்தின் கடைசி வளைவு. மூச்சு சீராகத்தான் இருந்தது. திடீரென்று நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு காணாமல் போனது. படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைத்த இடத்தில் படி இல்லாததுபோல ஒரு வெற்றிடம். அடுத்த துடிப்பு கதவை உதைப்பதுபோல வந்து மோதியது. பிறகு பழையபடி. மறுபடியும் ஒரு வெற்றிடம். ஒரு உதை.

அவள் இறங்கி, கம்பித் தடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சைக்கிள் அவள் இடுப்பில் சாய்ந்து நின்றது. கீழே தண்ணீர், என்ன என்று கேட்காமல், தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இதோ வந்துவிட்டது என்று நினைத்தாள். படியில் உட்கார்ந்த அப்பாவின் முகம் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பல்புதான் வந்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மருத்துவமனைக்குப் போனாள். மற்றவர்கள் வர நேரமிருந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். யாரிடமாவது சொன்னால் அடுத்த நிமிடமே பெரிய டாக்டர் வருவார், படுக்க வைப்பார், வீட்டுக்குத் தகவல் போகும், அப்புறம் அவள் வாழ்க்கை முழுவதும் நோயாளி. யாருக்கும் தெரியாமல் தானே பார்த்துவிட்டால்?

கட்டிலில் படுத்துப் பார்த்தாள். கருவியின் பொத்தான் கால்மாட்டில் இருந்தது, கைக்கு எட்டவில்லை. எழுந்து, தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிப் போட்டு, அங்கே தலைவைத்துப் படுத்தாள். இப்போது கருவி தோளுக்குப் பக்கத்தில். வசதியாக இருந்தது. நெஞ்சில் ஒட்டும் ரப்பர் குமிழ்களை விட்டுவிட்டாள். யாராவது கதவைத் திறந்தால் சட்டையைப் போட்டுக்கொண்டிருக்க நேரமிருக்காது. கைகளுக்கும் கால்களுக்கும் மட்டும் கிளிப். வேலை தெரிந்த விரல்கள். தானாகப் போய் மாட்டின. தன் குளிர்ச்சி தன்மேலேயே பட்டு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

பொத்தானை அழுத்தினாள்.

முதல் வரி தலைகீழாக ஓடியது. மேடாக இருக்கவேண்டியதெல்லாம் பள்ளமாக, குத்துக்குத்தாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

தொழில் புத்தி அந்த நேரத்திலும் வேலை செய்தது. சிவப்பு எங்கே? திரும்பிப் பார்த்தாள். கருவிக்குக் கிட்டத்துக் கையில், எப்போதும் இருக்கும் இடத்தில். மஞ்சள் எட்டத்தில். எல்லாம் சரியாக இருந்தது. அப்படியானால் சரியில்லாதது அவள்தான்.

அதற்குமேல் அவள் திரையைப் பார்க்கவில்லை. அணைத்து, பதிவை அழித்து, தலையணையைப் பழைய இடத்தில் வைத்து, கதவைத் திறந்தாள். வாசலில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். "ஏம்மா, இது ஷாக் அடிக்குமா?"

"அதெல்லாம் அடிக்காது," என்றாள். குரல் எங்கோ தூரத்தில் கேட்டது.

அன்று மாலை சைக்கிளை மருத்துவமனைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் போனாள்.

"சைக்கிள் எங்கே?" என்றார் கணவர்.

"பஞ்சர்."

பொய்க்குக் கால் முளைத்தது. மறுநாள் கேட்டார், நேரமில்லை என்றாள். அதற்கடுத்த நாளும் கேட்டார், கடை மூடியிருந்தது என்றாள். வீட்டில் மெல்ல நடந்தாள். வாளியில் பாதி அளவுக்குமேல் தண்ணீர் தூக்கவில்லை. தும்மல் வந்தால்கூட மேசையைப் பிடித்துக்கொண்டு தும்மினாள். மகள் தொலைபேசியில் அழைத்தால், மூச்சு வாங்குவது கேட்டுவிடுமோ என்று இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்திப் பேசினாள். வேலையில் நல்ல ஈ.சி.ஜி. வருகிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருந்தது. ஒரு குடிகாரர், வாய் நிறையப் புகை நாற்றத்தோடு படுத்தார். அவருடைய வரிகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை கோடு போட்டதுபோல அழகாக வந்தன. வெளியே போய்ச் சுவரைப் பார்த்து அழுதுவிட்டு வந்தாள்.

இத்தனைக்கும் நடுவில் அந்த இறக்கமும் காற்றும் சிரிப்பும் அடிக்கடி நினைவுக்கு வந்தன. செத்துப்போவதைவிட இனிமேல் அது இல்லை என்பதுதான் சில நேரம் பெரிதாகப் பட்டது. இதை யாரிடம் சொல்ல முடியும்?

"நாளைக்குக் கடைக்கு லீவு. நானே வந்து சைக்கிளை எடுத்துட்டுப் போய்ப் பஞ்சர் ஒட்டறேன்," என்று ஒருநாள் கணவர் அறிவித்தார்.

மறுநாள் அவர் வருவதற்குள் அவள் கொட்டகைக்கு ஓடினாள். ஓடக்கூடாது என்று நினைவு வந்து நடந்தாள். பின்சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்து, மூடியைத் திருகி, வால்வை அழுத்தினாள். காற்று சீறியது. தலைக்குமேல் நிழல் தெரிந்தது. யாரோ ஒரு நோயாளியோடு துணைக்கு வந்த அம்மாள்.

"யார் சைக்கிள்ங்க அது?"

"என்னோடதுதான்."

"உங்க சைக்கிள்லேர்ந்து நீங்களே காத்தைப் பிடுங்குறீங்களா?"

"ஆமா."

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல ஆஸ்பத்திரிதானே இது?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே போனார்.

இருவரும் தள்ளிக்கொண்டு போன சைக்கிள் கடை ஆற்றங்கரைச் சாலையில் ஒரு ஒற்றை அறை. கடைக்காரி குள்ளமாக, கைமுட்டி வரை கிரீஸோடு இருப்பவள். வாயில் எப்போதும் ஏதாவது ஒரு திருகாணியைக் கவ்வியிருப்பாள். சைக்கிளைத் தலைகீழாகப் புரட்டி, சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் படும்படி நிறுத்தினாள். டியூபை உருவிக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. ஒரு குமிழிகூட வரவில்லை.

"பஞ்சரே இல்லையே."

கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள்.

"மெதுவா இறங்கியிருக்கும்," என்றாள்.

"மெதுவா இறங்கினாலும் ஓட்டை வழியாத்தானே அக்கா இறங்கணும்?" என்றாள் கடைக்காரி. பிறகு அவளே பேச்சை மாற்றினாள். "சரி, வந்தது வந்தீங்க, பெடல் ரெண்டும் தேய்ஞ்சு கிடக்கு. மாத்திடவா? வலது பெடலைக் கொஞ்சம் அசையாம பிடிங்க."

ஏதாவது செய்யக் கிடைத்தால் போதும் என்று ஐஸ் அக்கா முன்சக்கரத்தைப் பார்க்க நின்று, தன் வலதுகைப் பக்கம் இருந்த பெடலைப் பிடித்தாள்.

"அது இடதுக்கா."

"வலதுகைப் பக்கம்தானே இருக்கு?"

"உங்களுக்கு வலதுகைப் பக்கம். சைக்கிளுக்கு இல்ல. அது தலைகீழா கிடக்குதில்ல? உக்காந்து ஓட்டுறவங்களுக்கு எதுவோ அதுதான் வலது. இடது பெடலோட மரை எதிர்ப்பக்கமா சுத்தும். மாத்திப் பிடிச்சுத் திருகினா அவ்வளவுதான், மரை செத்துப்போகும். ஆரம்பத்துல நானே ரெண்டு மூணைக் கெடுத்திருக்கேன். கை பழக்கத்துல போயிடும். அதனாலதான் இப்பல்லாம் புரட்டறதுக்கு முன்னாடியே வலதுல ஒரு பொட்டு வெச்சிடறது."

அவள் காட்டிய இடத்தில், எதிர்ப்பக்கப் பெடலின் கழுத்தில், சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு இருந்தது.

ஐஸ் அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிவப்பு. வலது. தலைகீழாகக் கிடந்தால் எதிர்ப்பக்கம். அவளுடைய கை பெடலைவிட்டு இறங்கியது. பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"என்னாச்சு? ஏய், என்ன பண்ணுது?" கணவர் பாய்ந்து வந்தார்.

"நான் தலைமாட்டை மாத்திப் படுத்துட்டேங்க."

"எங்கே படுத்தே? எப்போ?"

"கால்மாட்டுல தலையை வெச்சுப் படுத்தேன். பொத்தான் எட்டல. அப்ப மெஷின் எனக்கு இடதுகைப் பக்கம் வந்துடுச்சு. நான் பாட்டுக்குக் கிட்டத்துக் கையில சிவப்பை மாட்டினேன். சரியான்னு பார்க்கவும் பார்த்தேன். கிட்டத்துல இருக்கு, சரின்னு..."

கணவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கடைக்காரி வாயிலிருந்த திருகாணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். ஐஸ் அக்கா பாலத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். காணாமல் போன துடிப்பை, உதையை, பள்ளம் பள்ளமாக ஓடிய வரியை, தானே காற்றைப் பிடுங்கியதை.

முடித்தபோது கணவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"இத்தனை நாளா என் பக்கத்துலதான் படுத்திருந்தே," என்றார். "சாகப்போறேன்னு நினைச்சுக்கிட்டு, எனக்குப் பஞ்சர்னு சொன்னே."

"உங்ககிட்ட சொன்னா நிஜமாயிடுமோன்னு..."

"சொல்லாம இருந்தா பொய்யாயிடுமா?"

தெருவில் யாரோ மணியடித்துக்கொண்டு போனார்கள். கடைக்காரிதான் கேட்டாள். "அப்ப நெஞ்சுல ஒண்ணும் இல்லைதானே அக்கா?"

அங்கேதான் பயம் திரும்பி வந்தது, முன்னைவிடப் பெரிதாக. படம் தப்பு, சரி. ஆனால் அந்த உதை தப்பில்லையே. பாலத்தில் அவள் கட்டிப்பிடித்த கம்பியும் தப்பில்லை. தப்பாக மாட்டினாள் என்பதால் இதயம் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடுமா? இவ்வளவு நாளும் அவளிடம் ஒரு கெட்ட செய்தி இருந்தது. இப்போது அதுகூடக் கையில் இல்லை.

"தெரியாது," என்றாள். "திரும்பவும் எடுக்கணும்."

"எடுப்போம். நாளைக்கே. இந்தத் தடவை நீ தொடக்கூடாது," என்றார் கணவர்.

மறுநாள் அவர் கடையைத் திறக்கவில்லை. இருவரும் பேருந்தில் போனார்கள். இரண்டு பேருந்துகளிலும் அவர் அவளுடைய கையை விடவில்லை. கேரியரைப் பிடித்ததுபோலவே பிடித்துக்கொண்டு வந்தார். மருத்துவமனையில் அவளோடு பல வருடம் வேலை செய்த சிஸ்டர் ஒருத்தி இருந்தாள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"உனக்கு ஒண்ணுன்னா நீயே எடுத்து, நீயே பார்த்து, நீயே அழிச்சுடுவியா? அப்ப நாங்கல்லாம் எதுக்கு, சன்னலுக்குத் திரை பிடிக்கவா? படு."

ஐஸ் அக்கா படுத்தாள். இந்த முறை தலை இருக்கவேண்டிய பக்கத்தில். மேற்கூரையில் ஈரம் படிந்த ஒரு கறை இருந்தது. இத்தனை நாளும் தன் அறையில் இப்படியொரு கறை இருப்பதே அவளுக்குத் தெரியாது. இங்கே படுத்தவர்கள் எல்லாரும் இதைப் பார்த்துக்கொண்டுதான் நடுங்கியிருக்கிறார்கள். கதவோரத்தில் கணவர் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சிஸ்டர் நெஞ்சில் ஜெல் தடவினாள். மணிக்கட்டைத் தூக்கினாள்.

"ஷாக் அடிக்காதே?" என்றாள் ஐஸ் அக்கா.

சிஸ்டர் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அந்தக் கனத்த குரலைத் தணித்துச் சொன்னாள். "அதெல்லாம் அடிக்காது. கையைத் தளர்த்தி விட்டுட்டுப் பேசாம படு."

பொத்தான் அழுத்தும் சத்தம் கேட்டது. காகிதம் நகரும் சத்தம் கேட்டது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். சிஸ்டர் ஏன் பேசவில்லை? நல்லதாக இருந்தால் உடனே சொல்லமாட்டாளா? தானும் இப்படித்தானே, கெட்ட வரி வந்தால் பேசாமல் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு டாக்டரிடம் போவாள்?

"கண்ணைத் திறந்து நீயே பாரேன், பெரிய ஆளு," என்றாள் சிஸ்டர்.

முதல் வரி நிமிர்ந்து நின்றது. மேடு இருக்கவேண்டிய இடத்தில் மேடு. இரண்டாவது வரி, மூன்றாவது வரி, நெஞ்சு வரிகள் ஆறும். அவள் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். நடுவில் ஒரே ஒரு இடத்தில், ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னால் வந்துவிட்டு, அப்புறம் வெட்கப்பட்டதுபோல ஒரு இடைவெளி விட்டிருந்தது. பாலத்தில் அவளை உதைத்தது அதுதான்.

பெரிய டாக்டர் வந்தார், அதோடு விடவில்லை. ஒலி அலையில் இதயத்தைப் பார்த்தார். ஓடும் பட்டையில் ஏற்றி ஓடவிட்டார். அவள் சாகிற பயத்தோடு ஓடினாள். பயத்திலேயே நன்றாக ஓடினாள். டாக்டர் அளவுகளைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இப்படி ஓடறவங்க இங்கே குறைவு. என்ன பண்றீங்க?" என்றார்.

"சைக்கிள் ஓட்டினேன், டாக்டர்."

"ஓட்டினேனா? ஓட்டுங்க. இந்தத் தவறின துடிப்பு நிறைய பேருக்கு உண்டு. உங்க இதயத்துல வேற கோளாறு எதுவும் இல்ல. காபியைக் குறைங்க. மயக்கம் வந்தாலோ நெஞ்சு வலிச்சாலோ உடனே வரணும்." கதவு வரை போனவர் திரும்பினார். "உங்களுக்கே எடுத்துக்கிட்டீங்களாமே. தலைமாட்டுல கால் வெச்சு." அதற்குமேல் அடக்க முடியாமல் வெளியே போய்ச் சிரித்தார். அவளுடைய காது மடல்கள் சூடாயின. பயிற்சிக்கு வந்தவர்கள் காதில் விழாமல் இருந்தால் சரி.

சைக்கிள், புதுப் பெடல்களோடு, கடைக்காரியின் வாசலில் நின்றது. அன்று மாலை கணவர் அதைப் பாலத்தின் அடிவாரம் வரை தள்ளிக்கொண்டு வந்தார்.

"பின்னாடி பிடிச்சுக்கட்டுமா?"

"வேண்டாம். நீங்க பிடிச்சா போகாது."

"அப்ப நடந்தே வர்றேன். மேல போய் நில்லு. நான் வர்ற வரைக்கும் சாகாதே."

"வாயைக் கழுவுங்க!"

அவள் ஏறி மிதித்தாள். ஏற்றம் அதே ஏற்றம். விரல்கள் சில்லிட்டிருந்தன. முதல் வளைவில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே பயமாக இருந்தது. கடைசி வளைவில், சரியாக அதே இடத்தில், நெஞ்சுக்குள் படி இல்லாமல் போனது. ஒரு வெற்றிடம். ஒரு உதை.

கால் பெடலைவிட்டு இறங்கப் பார்த்தது. கம்பித் தடுப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நிமிர்ந்து நின்ற அந்த முதல் வரியை மனதுக்குள் கொண்டுவந்து பார்த்தாள். அவசரக்குடுக்கை, என்று அந்தத் துடிப்பைத் திட்டினாள், பல்லைக் கடித்துக்கொண்டு. இன்னொரு மிதி. இன்னொன்று. பயம் குறையவில்லை, சைக்கிள் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது.

உச்சியில் நிற்கச் சொன்னது நினைவிருந்தது. திரும்பிப் பார்த்தாள். கணவர் வெகு கீழே, இடுப்பில் கைவைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். அந்தத் தூரத்தில் அவருக்கு அவள் புள்ளியாகக்கூடத் தெரிந்திருக்க மாட்டாள். தான் மேலேதான் இருக்கிறோம் என்று தெரியட்டும் என மணியை அடித்தாள். பதிலுக்கு அவர் கையை ஆட்டினார், தப்பான திசையைப் பார்த்து.

அவள் காத்திருந்தாள். அவர் வந்து சேர்ந்ததும், "நாடி பார்த்தியா?" என்றார்.

"இல்லை," என்றாள், அப்போதுதான் அது நினைவுக்கு வந்தவளாக. "உங்களுக்குத்தான் பார்க்கணும் போலிருக்கு. இந்த மூச்சு வாங்குறீங்க. நாளைக்கு வந்து படுங்க, எடுத்துடலாம்."

"எனக்கா? அது ஷாக் அடிக்குமே!"

அவள் சில்லிட்ட கையால் அவர் கழுத்தைத் தொட்டாள். அவர் அலறித் துள்ளினார். அவர் துள்ளி முடிப்பதற்குள் அவள் பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்திருந்தாள்.